பாரமாக இருக்கலாமா?

வருகிற திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எனக்கு முதல் கீமோ. இன்று புதன்கிழமை. நடுவில் நான்கு நாட்கள் இருக்கின்றன.

என் கையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு பட்டியல்கள். முதலாவது மருத்துவமனையில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது. இதயம் மருந்தைத் தாங்குமா என்று தெரிந்துகொள்ள எக்கோ. இரத்த அணுக்களின் எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள். பல்லில் சொத்தை இருந்தால் இப்போதே பார்த்துவிட வேண்டும். பிறகு வாய்ப்புண் வரும், அப்போது பல்லில் கைவைக்க முடியாது. உயரமும் எடையும் அளந்தார்கள். மருந்தின் அளவை அதை வைத்துத்தான் கணக்கிடுவார்களாம். வீட்டில் தெர்மாமீட்டர் கட்டாயம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரியானாலும் கிளம்பி வந்துவிட வேண்டும், மாத்திரை போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முதல் மருந்து சிவப்பாக இருக்கும், ஓரிரு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகலாம், அது இரத்தமல்ல, பயப்பட வேண்டாம்.

இரண்டாவது பட்டியல் நானே போட்டது. சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, இட்லிப் பொடி அரைக்க வேண்டும். புளிக்காய்ச்சல் இரண்டு பாட்டில். மாமியாரின் பிரஷர் மாத்திரைகளைக் காலை, இரவு என்று டப்பாவில் பிரித்து வைக்க வேண்டும். மகளின் ப்ளஸ் டூ டியூஷன் பணம். மகனின் ஹாஸ்டல் கட்டணம். கேஸ் பதிய வேண்டிய நாள். பால்காரர் கணக்கு. ஆடி வெள்ளிக்கு மாவிளக்கு யார் போடுவது? இப்படி முப்பத்தேழு வரிகள்.

நேற்றிரவு இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். முதல் பட்டியலில் ஓர் உடம்பு இருக்கிறது. இரண்டாவதில் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் ஒரு நோயாளி படுத்திருக்கப்போகிறாள் என்பதற்கு ஒரு வரிகூடச் சாட்சி இல்லை. எனக்குக் குமட்டினால் யார் பக்கத்தில் நிற்பது, எனக்குக் கஞ்சி வைப்பது யார், இரவில் காய்ச்சல் வந்தால் யாரை எழுப்புவது என்று நான் எழுதவில்லை. 21 நாட்களுக்கு ஒருமுறையாக நான்கு சுற்று, பிறகு வேறொரு மருந்து வாரம் ஒன்றாக 12. பொங்கல் வரைக்கும் போகும். அந்த ஆறு மாதமும் வெளியூர் போய்விடுகிறவள் போல வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுக்கும் பட்டியலைத்தான் போட்டிருக்கிறேன்.

ஏன் இப்படிச் செய்தேன் என்று யோசித்தபோது வந்து நின்றது ஒரே ஒரு வாக்கியம். "யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது."

இந்த வாக்கியத்தை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் என் அப்பாயி தினமும் விளக்கு வைத்ததும் சொல்லும் பிரார்த்தனை அது. "கெடையில கெடக்காம, யாருக்கும் பாரமா இல்லாம, நடமாட்டத்தோட போய்ச் சேர்ந்துடணும் ஆத்தா." பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்கு முன்னாலேயே இதைக் கேட்டுக்கொள்வாள். என் அம்மாவுக்குக் கர்ப்பப்பை இறக்கம் இருந்தது. உட்கார்ந்து எழ முடியாமல், தண்ணீர்க் குடம் தூக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு, பதினோரு வருடம் யாரிடமும் சொல்லாமல் இருந்தாள். அக்கா கல்யாணம், என் பி.எட். படிப்பு, தம்பிக்கு வேலை என்று ஒவ்வொன்றாக முடியட்டும் என்று காத்திருந்தாளாம். கடைசியில் அறுவை சிகிச்சைக்குப் போனபோது, "இத்தனை நாள் எப்படித்தான் தாங்கினீங்க?" என்று டாக்டரம்மா கேட்டதற்கு அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு பெருமை இருந்தது. அது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

நான் படித்தவள். இருபது வருடமாகப் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள். வளரிளம் பெண்களுக்கான ஆரோக்கியக் கூட்டங்களில் மேடையேறிப் பேசியவள். ஜனவரியில் குளிக்கும்போது இடது மார்பில் கையில் தட்டிய கட்டியை நான் என்ன செய்தேன்? பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வந்துவிட்டது, பிறகு விடைத்தாள் திருத்தப் போக வேண்டும், மாமியாருக்கு முழங்கால் வலி என்று மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். "எப்ப முதல்ல கவனிச்சீங்க?" என்று மருத்துவர் கேட்டபோது, "போன மாசம்" என்று பொய் சொன்னேன். மறைத்தது அம்மாவின் பழக்கம். மறைத்ததை மறைத்தது என்னுடைய படிப்பு.

ஆகவே இந்தக் கேள்வி எனக்குப் புத்தகக் கேள்வி அல்ல. ஒருத்தி இன்னொருவருக்குப் பாரமாக இருக்கலாமா? இருந்தால் எந்த நியாயத்தின் பேரில்?

*

நாம் பொதுவாகச் சொல்லிக்கொள்ளும் பதில்கள் இரண்டு.

முதல் பதில், கணக்குத் தீர்ப்பது. "இருபத்தி மூணு வருஷம் இந்த வீட்டுக்கு உழைச்சிருக்க. இப்ப உனக்கு ஒண்ணுன்னா அவங்க பார்க்கட்டுமே" என்றாள் என் அக்கா. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உழைப்பின் கணக்கு என்று ஒன்று உண்டு என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. 2019-ல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அதைச் சொல்கிறது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். அப்படி ஈடுபடுகிறவர்களே பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் 26 பேர்தான். இருபத்தி மூன்று வருடத்துக்கு இதைப் பெருக்கிப் பார்த்தால் என் பக்கம் பெரிய வரவு நிற்கும்.

ஆனால் இந்தப் பதிலில் எனக்கு நிம்மதி இல்லை. வரவு வைத்தவளுக்குத்தான் பராமரிப்பு என்றால், வரவு வைக்கவே முடியாதவள் என்ன செய்வாள்? எங்கள் தெருவில் பிறந்ததிலிருந்து மூளை முடக்குவாதத்தோடு வாழும் ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்கு இப்போது முப்பது வயது. அவள் யாருக்கும் ஒரு வாய் காபி போட்டுக் கொடுத்ததில்லை. அவளுக்கு என்னைவிடக் குறைந்த உரிமையா? அதோடு, கணக்கு என்று வந்துவிட்டால் அது ஒருநாள் தீர்ந்துவிடும். என் மருத்துவம் ஆறு மாதத்தில் முடியாமல் ஆறு வருடம் நீண்டால், ஏதோ ஒரு நாளில் என் இருப்பு பூஜ்யமாகிவிடுமா?

இரண்டாம் பதில், அன்பு. "நமக்குள்ள என்ன பாரம்? பிரியத்துல செய்யறதுதானே" என்கிறார்கள். இது முதல் பதிலைவிட இனிப்பானது, அதனாலேயே ஆபத்தானது. பிரியம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று கவனியுங்கள். எனக்குப் புற்றுநோய் என்று தெரிந்த அன்றே எல்லோர் வாயிலும் வந்தது அக்காவின் பெயர். "அக்கா வந்து ஒரு மாசம் இருக்கட்டும்." அக்காவுக்கு 54 வயது, சர்க்கரை நோய், வீட்டில் கைக்குழந்தையாகப் பேரன். தம்பி இதே திருச்சியில் பதினைந்து நிமிடத் தூரத்தில் இருக்கிறான். அவனுக்கும் என்மேல் உயிர். யாரும் அவன் பெயரைச் சொல்லவில்லை. அவனுக்குமே அது தோன்றவில்லை. "எவ்வளவு செலவானாலும் சொல்லுக்கா" என்று மட்டும் சொன்னான். எனக்கும் தோன்றவில்லை என்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். என் பாரத்தை இறக்கிவைக்க நான் தேடியதும் ஒரு பெண்ணின் தோளைத்தான்.

என் மகள் ப்ளஸ் டூ. போன வாரம் ராத்திரி பத்து மணிக்குச் சமையலறையில் வந்து நின்றாள். "அம்மா, சாம்பார் எப்படி வைக்கறதுன்னு சொல்லிக்குடு. நான் எழுதி வச்சுக்கறேன்." யாரும் அவளைக் கேட்கவில்லை. கல்லூரியில் படிக்கும் அவள் அண்ணன் ஃபோனில் அழுதான். அவனுக்கும் பாசத்தில் குறைவில்லை. ஆனால் பாசம் அவனுக்குக் கண்ணீராக வந்தது, அவளுக்குச் சாம்பாராக வந்தது. இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் யாரைப் போய்க் கேட்பது? அவள் பதினேழு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தது என்னைத்தான்.

*

போன மாதக் கடைசியில் ஒப்புதல் படிவம் வாங்கினார்கள். இளம் மருத்துவர் ஒருவர், நல்ல பையன், மிகப் பொறுமையாக விளக்கினார். ஆனால் விளக்கியதெல்லாம் என் கணவரிடம். "சார், மேடத்துக்கு ரெண்டு மூணு வாரத்துல முடி கொட்ட ஆரம்பிக்கும். பீரியட்ஸ் நின்னுபோகலாம். இன்ஃபெக்‌ஷன்தான் நாம பயப்பட வேண்டியது." நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். படிவமும் பேனாவும் அவர் கைக்குத்தான் முதலில் போயின. அவரும் கையெழுத்தைப் போட்டுவிட்டு என்னிடம் தள்ளினார். நான் மூன்று பக்கத்தையும் படித்தேன். படித்து முடிக்கும்வரை அறையில் யாரும் பேசவில்லை. நான் ஏதோ அடம்பிடிக்கிறேன் என்பது போன்ற அமைதி.

வெளியே வந்ததும் எனக்கு ரேச்சல் கார்சன் நினைவுக்கு வந்தார். பூச்சிக்கொல்லிகளின் ஆபத்தை உலகுக்குச் சொன்ன 'மௌன வசந்தம்' 1962-ல் வெளிவந்தது. அதை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் அவருக்கு மார்பகப் புற்றுநோய். 1960-ல் அறுவை சிகிச்சை செய்த மருத்துவர், கார்சன் நேரடியாகக் கேட்டும் உண்மையைச் சொல்லவில்லை. பெண்ணிடம் சொல்ல வேண்டியதில்லை, கணவரிடம் சொன்னால் போதும் என்பது அந்தக் காலத்து மருத்துவ வழக்கம். கார்சனுக்குக் கணவர் கிடையாது. சொல்ல ஆள் இல்லாததால் செய்தி சொல்லப்படவே இல்லை. 1964-ல் இறந்தார்.

இதிலிருந்து ஒன்று எனக்குத் தெளிவாயிற்று. பாரமாக இருப்பது வேறு, பொருளாக ஆவது வேறு. ஒருவர் என்னைத் தூக்கிச் செல்லலாம். அதனால் எங்கே போகிறோம் என்று கேட்கும் வாய் எனக்கு இல்லாமல் போவதில்லை. பாரமாக இருக்கக் கூடாது என்று நாம் இவ்வளவு பயப்படுவதற்கு ஒரு காரணம், தூக்கப்படும்போது நம் குரலையும் சேர்த்துப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அனுபவத்தில் தெரிந்திருப்பதுதான். படுத்துவிட்டால் பேச்சு போய்விடும். அப்பாயி கேட்டது சாவு அல்ல, பேச்சு போகாமல் இருப்பது என்று இப்போது நினைக்கிறேன்.

*

முடி விஷயத்துக்கு வருகிறேன். கொத்துக்கொத்தாகத் தலையணையில் கிடப்பதைப் பார்க்க வேண்டாம், முன்கூட்டியே வெட்டிவிடுங்கள் என்று நர்ஸ் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வெட்டிக்கொள்ளப்போகிறேன். மாமியாரிடம் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாக, "கேக்கறவங்ககிட்ட சமயபுரத்துக்கு வேண்டிக்கிட்டேன்னு சொல்லிடும்மா. யாரும் மேல கேக்க மாட்டாங்க" என்றார்.

எவ்வளவு கச்சிதமான பொய்! நம் ஊரில் மொட்டையடித்த பெண்ணைப் பார்த்தால் யாரும் திடுக்கிடுவதில்லை. எந்தக் கோயில் என்றுதான் கேட்பார்கள். கைம்பெண்ணின் தலையை வலுக்கட்டாயமாக மழித்த கொடுமையும், விரும்பிச் செலுத்தும் முடிகாணிக்கையும் ஒரே மழித்த தலைக்கு இருவேறு அர்த்தம் கொடுத்த ஊர் இது. எனக்கு இரண்டாவது அர்த்தத்தை ஒரு சேலைபோல எடுத்துக் கொடுத்தார் மாமியார். அதில் முழுக்க முழுக்க அன்புதான் இருந்தது. ஒரு நாள் முழுவதும் அந்தப் பொய்யை உடுத்திப் பார்த்தேன். சௌகரியமாக இருந்தது.

பிறகு அது யாருடைய சௌகரியம் என்று கேட்டுக்கொண்டேன். ஆட்ரி லார்ட் தன் புற்றுநோய் நாட்குறிப்புகளை 1980-ல் வெளியிட்டார். மார்பகம் அகற்றப்பட்ட பின், பஞ்சு மார்பு வைத்துக்கொள்ளாமல் மருத்துவரைப் பார்க்கப் போகிறார். நீங்கள் இப்படி வருவது இங்கே வருகிற மற்றவர்களின் மனநிலைக்கு நல்லதல்ல என்கிறார் அங்கிருந்த நர்ஸ். அவருடைய வெறுமை மற்றவர்களுக்குப் பாரமாம். லார்ட் யோசித்தது வேறு விதமாக: மார்பை இழந்த பெண்கள் எல்லோரும் மறைத்துக்கொண்டே நடந்தால், அவர்கள் ஒருவரையொருவர் எப்படி அடையாளம் கண்டுகொள்வார்கள்?

விக் வைப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. மருத்துவமனையில் ஒரு பெண், விக் இல்லாவிட்டால் துணிக்கடை வேலை போய்விடும் என்றாள். அவளிடம் போய்த் துணிச்சலைப் பற்றிப் பேசுவது அநாகரிகம். என் வேலை போகாது. எனக்குச் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு இருக்கிறது. மறைக்காமல் இருக்கும் வசதி எனக்கு உண்டு என்பதால், மறைக்காமல் இருக்கும் கடமையும் கொஞ்சம் எனக்கு உண்டு. என் பள்ளியில் அறுநூறு பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள். டீச்சர் சாமிக்கு முடி கொடுத்தார் என்று அவர்கள் நினைத்துக்கொள்வதைவிட, டீச்சர் கட்டியை மூன்று மாதம் மறைத்தார், அது தப்பு என்று தெரிந்துகொள்வது நல்லது. சமயபுரத்தாளும் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

*

பிறகு திங்கட்கிழமை நடந்தது. இதை எழுதாமல் விட்டுவிடத்தான் முதலில் நினைத்தேன்.

எங்கள் வீட்டுக்கு ஒன்பது வருடமாக வேலைக்கு வரும் அக்காவிடம் உட்கார்ந்து பேசினேன். இனி சமையலுக்கும் உதவி வேண்டும், கூடுதலாக இரண்டு மணி நேரம் இருக்க வேண்டும், சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், "எனக்கு உடம்பு முடியாமப் போனா மட்டும் சம்பளம் புடிக்காதீங்கம்மா. உங்களுக்கு முடியாதப்ப எனக்கும் முடியாமப் போனா என்ன பண்றதுன்னு பயமா இருக்கு" என்றார்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. போன வருடம் அவருக்கு டைஃபாய்டு வந்து பன்னிரண்டு நாள் வரவில்லை. நான் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். மாதக் கடைசியில் எட்டு நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டேன். நான்கு நாளை விட்டுக்கொடுத்ததைப் பெருந்தன்மை என்று நினைத்தேன். பாரமாக இருக்க எனக்கு உரிமை உண்டா என்று தத்துவம் பேசிக்கொண்டிருக்கிற நான், என் வீட்டில் உழைப்பவருக்கு அந்த உரிமையை நாள்கணக்கில் விலை போட்டு மறுத்திருக்கிறேன்.

இங்கேதான் என் கேள்வி தவறாகக் கேட்கப்பட்டது என்று புரிந்தது. பாரமாக இருக்கலாமா என்று கேட்பதே, பாரமாக இல்லாத ஒரு நிலை இயல்பானது என்று எடுத்துக்கொண்டு கேட்பது. அப்படி ஒரு நிலை யாருக்கு இருந்தது? என் கணவர் யாருக்கும் பாரமாக இல்லாமல் முப்பது வருடம் வங்கிக்குப் போய் வந்தார் என்றால், அவருடைய பாரம் என் தோளில் இருந்தது என்று பொருள். நான் யாருக்கும் பாரமாக இல்லாமல் பள்ளிக்குப் போய் வந்தேன் என்றால், என் பாரத்தில் பாதி அந்த அக்காவின் தோளில் இருந்தது என்று பொருள். சுதந்திரமாக நடக்கிறோம் என்று நாம் நினைக்கிற நேரமெல்லாம் நம் சுமையை யாரோ கண்ணில் படாமல் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை என் நரம்பில் ஏறப்போகும் மருந்தும் அப்படித்தான். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்த பின் கீமோ கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறதா என்பது ஒரு காலத்தில் யாருக்கும் தெரியாது. இத்தாலியில் மிலான் நகரத்தில் ஜியான்னி பொனடோனா என்ற மருத்துவர், 400-க்குச் சற்றுக் குறைவான பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் மூன்று மருந்துகள் சேர்ந்த கீமோ கொடுத்துப் பார்த்து, 1976-ல் முடிவை வெளியிட்டார். மருந்து பெற்றவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்திருந்தது. வாந்தியை அடக்க இன்றைக்குள்ள நல்ல மாத்திரைகள் அன்று கிடையாது. மருந்து பெற்றவர்கள் பலன் கிடைக்குமா என்று தெரியாமல் அதைத் தாங்கினார்கள்; பெறாதவர்கள் எதை இழந்தோம் என்று தெரியாமல் இருந்தார்கள். அவர்கள் பெயர் எதுவும் எனக்குத் தெரியாது. அவர்களுக்கு நான் எந்த ஜென்மத்தில் திருப்பிச் செலுத்துவது?

திருப்பிச் செலுத்த முடியாது. முன்னால்தான் செலுத்த முடியும். அமெரிக்கத் தத்துவவாதி ஈவா ஃபெடர் கிட்டே 1999-ல் எழுதிய நூலில் இதைத்தான் வேறு வழியில் வந்து சேர்கிறார். அவருடைய மகள் வாழ்நாள் முழுவதும் பிறர் துணை தேவைப்படுகிறவர். பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி இருப்பாள் அல்லவா, நம் ஊரில் பத்தியம் சமைத்துப் போட்டு வெந்நீர் ஊற்றிவிடுகிறவள், அவளை வைத்து யோசிக்கிறார். தாய் குழந்தையைப் பார்க்கிறாள். குழந்தை தாய்க்குத் திருப்பிச் செய்யாது. ஆகவே தாயைப் பார்த்துக்கொள்ள மூன்றாமவர் ஒருவர் வேண்டும். பராமரிப்பவரைப் பராமரிப்பது அந்த வீட்டின் தயவு அல்ல, சமூகத்தின் கடமை என்பது அவருடைய வாதம். கணக்குத் தீர்க்கும் பதிலில் இல்லாததும், அன்பு என்ற பதில் மறைத்ததும் இந்த மூன்றாம் ஆள்தான்.

*

எங்கள் ஊர்ச் சாலையில் சுமைதாங்கிக் கல் ஒன்று உண்டு. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்காக வைத்திருப்பார்கள். தோள் உயரம் இருக்கும். தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் துணையும் இல்லாமல் சுமையை அதன்மேல் இறக்கி, சற்றே மூச்சு வாங்கி, மறுபடி தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்ட கல் அது என்று அப்பாயி சொல்லுவாள். சுமையை இறக்காமலே போனவள், ஊர்ச் சுமையை இறக்கிவைக்க இடம் கொடுத்தால் அவளுக்கு ஆறுதல் என்பது நம்பிக்கை.

இளம் வயதில் எனக்கு அந்தக் கதை எரிச்சலூட்டியது. செத்த பிறகும் அவளைச் சுமக்க வைக்கிறார்களே என்று கோபப்பட்டிருக்கிறேன். அந்தக் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் இன்று அந்தக் கல்லில் வேறொன்றும் தெரிகிறது. அது யாருடைய வீட்டு வாசலிலும் இல்லை, பொதுச் சாலையில் இருக்கிறது. இறக்கிவைப்பவள் யார் மகள், யாருக்கு என்ன செய்தாள் என்று கேட்பதில்லை.

அதே புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அவருடைய சகோதரி புற்றுநோயில் இறந்தார். அந்தத் துக்கத்தை முத்துலட்சுமி வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. மாதர் சங்கத்துப் பெண்களோடு சேர்ந்து நிதி திரட்டி, 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு ஒரு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-ல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். ஒரு பெண்ணின் சாவை நினைவில் வைக்கப் பெண்கள் கூடி நட்ட சுமைதாங்கி என்றுதான் நான் அதை நினைக்கிறேன். அரசு மருத்துவமனையின் கீமோ வார்டு, காப்பீட்டு அட்டை, சம்பளத்துடன் விடுப்பு எல்லாமே அப்படிப்பட்ட கற்கள்தான். எனக்கு அவற்றில் சில கிடைத்திருக்கின்றன. என் வீட்டுக்கு வரும் அக்காவுக்கு ஒன்றுகூட இல்லை, சம்பளத்தைப் பிடிக்கும் ஒரு டீச்சரைத் தவிர.

*

நேற்றிரவு எல்லோரையும் உட்காரவைத்தேன். மகன் ஃபோனில் இருந்தான். முப்பத்தேழு வரிகளையும் வாசித்தேன். எதிரில் பெயர் எழுதச் சொன்னேன். என் கணவருக்குக் கோபம் வந்தது, "நான் செய்ய மாட்டேன்னு எப்ப சொன்னேன்?" என்றார். உண்மைதான், சொன்னதில்லை. கேட்காமல் இருந்தது நான், தெரிந்துகொள்ளாமல் இருந்தது அவர். தம்பிக்கு ஃபோன் செய்து, பணம் வேண்டாம், மருந்து ஏற்றும் நாட்களில் நீ வந்து என்னுடன் உட்கார் என்றேன். தடுமாறினான். "நான் வந்து என்னக்கா பண்ணப்போறேன்?" "சும்மா உட்காருடா" என்றேன். வருகிறானாம். மகளின் பெயரை இரண்டு வரிக்கு மேல் எழுத விடவில்லை. வேலைக்கு வரும் அக்காவுக்கு மாதம் நான்கு நாள் விடுப்பு, நோய் வந்தால் சம்பளம் பிடிப்பதில்லை என்று எழுதி, போன வருடத்து எட்டு நாள் பணத்தையும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

இதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. இரண்டாவது சுற்றிலேயே பழைய வழக்கம் திரும்பலாம். எனக்குத் திங்கட்கிழமையை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. ஊசி பயமில்லை. அந்தச் சிவப்பு மருந்து ஏறும்போது என் உடம்பு என்னுடையதாக இருக்குமா என்பதுதான் பயம்.

எல்லோரும் எழுந்து போன பிறகு மாமியார் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவருக்கு 76 வயது. "எனக்கு வேலை ஒண்ணும் எழுதலையேம்மா" என்றார். கீரை ஆய்ந்து கொடுங்கள் அத்தை, போதும் என்றேன். சற்று நேரம் கழித்துச் சொன்னார்: "கீரையில பூச்சி இருந்தா தெரியாதும்மா. வலது கண்ணு மங்கி நாலஞ்சு மாசமாச்சு. உனக்கு இப்படி இருக்கறப்ப நான் வேற எதுக்குப் பாரமான்னுதான் சொல்லல."

நான் நோட்டை அவருடைய மகனிடம் நீட்டினேன். முப்பத்தெட்டாவது வரி அவர் கையெழுத்தில் இருக்கிறது. அம்மாவுக்குக் கண் பரிசோதனை, வெள்ளிக்கிழமை காலை. எதிரில் அவர் பெயர்.